குடத்தில் பிறந்த கணக்கு

தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்தில் மாதச் சீட்டு நடக்காத தெரு குறைவு. ஏலச் சீட்டு ஒரு வகை. அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் குலுக்கல் சீட்டு இன்னொரு வகை. இருபது பேர், ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய், இருபது மாதம். மாதத்தின் முதல் வாரத்தில் பெயர் எழுதிய துண்டுச் சீட்டுகளை ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்கி, அந்த வீட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்கு 20,000. எடுத்தவர் பெயர் அடுத்த மாதம் டப்பாவில் இருக்காது. பணத்தை மட்டும் கடைசி வரை கட்டி வரவேண்டும்.

நாலைந்து மாதம் பெயர் வராமல் போனால் வருத்தம் தொடங்கிவிடும். “முதல் மாசமே எடுத்தவங்களுக்குத்தான் ராசி, நமக்கெல்லாம் கடைசியிலதான்” என்பார்கள். முதல் மாதத்தில் ஒருவர் பெயர் வர வாய்ப்பு 20இல் 1. இரண்டாம் மாதம்? டப்பாவில் 19 சீட்டுதானே, ஆகவே 19இல் 1 என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் இரண்டாம் மாதக் குலுக்கலுக்கு வந்து சேர, முதல் மாதம் தப்பியிருக்க வேண்டும். அதற்கான வாய்ப்பு 20இல் 19. இரண்டையும் பெருக்கினால் 19/20 × 1/19, அதாவது மறுபடியும் 20இல் 1. மூன்றாம் மாதத்துக்குப் போட்டாலும், இருபதாம் மாதத்துக்குப் போட்டாலும் அதே 20இல் 1தான் வரும். சீட்டுத் தொடங்கும் நாளில் எல்லா மாதமும் எல்லோருக்கும் சமம். ஒருவர் சராசரியாக எந்த மாதத்தை எதிர்பார்க்கலாம் என்றால் 1 முதல் 20 வரையான எண்களின் சராசரி, பத்தரை.

நிகழ்தகவு என்ற பாடத்தின் இரண்டு உயிர்கள் இந்தச் சின்னக் கணக்கில் இருக்கின்றன. ஒன்று, டப்பாவில் உள்ள எந்தச் சீட்டும் மற்றதைவிட எளிதில் கைக்கு வந்துவிடாது என்ற உறுதி. அதைச் சமவாய்ப்பு என்கிறோம். அது தானாக வருவதில்லை. மனிதர்கள் மெனக்கெட்டு உண்டாக்க வேண்டும். இன்னொன்று எண்ணுதல். எத்தனை வழிகள் இருக்கின்றன, அவற்றில் நமக்கு வேண்டியவை எத்தனை என்று ஒன்றும் விடுபடாமல், எதுவும் இரண்டு முறை வராமல் எண்ணுவது. இந்த இரண்டும் நம் மண்ணில் வெகுகாலத்துக்கு முன்பே தனித்தனியாகப் பிறந்துவிட்டன, தனித்தனியாக வளரவும் செய்தன. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் நிகழ்தகவு என்ற கணிதம் பிறந்தது. அது நடந்த இடம் வேறு.

முதலில் சமவாய்ப்பு. அதைப் பார்க்க நாம் தொலைதூரம் போகவேண்டாம். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போய், அங்கிருந்து மேற்கே திரும்பினால் உத்திரமேரூர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஆண்டுக் கணக்கில் 919, 921. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினர்களைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கும் முறையை அவை சொல்கின்றன. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ‘குடவோலை முறை’ என்று ஒரு வரியில் படித்துவிட்டு வந்த செய்தி அது. அதன் விவரத்தைப் படித்துப் பார்த்தால் நமக்கு வேறு மரியாதை வரும்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இன்றைய சொல்லில் வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதி, அந்தக் குடும்பின் பெயர் எழுதிய வாயோலையோடு சேர்த்துக் கட்டி, 30 கட்டுகளையும் ஒரு குடத்தில் இட்டார்கள். சிறியவர் பெரியவர் என்று சபை முழுவதும் கூடியிருக்க வேண்டும். ஊரில் அன்றைக்கு இருக்கும் கோயில் அர்ச்சகர்களான நம்பிமார் ஒருவர் விடாமல் வந்திருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து நின்று, எல்லோர் கண்ணிலும் படும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு வெறுங்குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து அதே சிறுவன் ஓர் ஓலையை எடுத்து நடுவரான மத்யஸ்தன் கையில் கொடுப்பான். மத்யஸ்தன் அதை ஐந்து விரலையும் அகல விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். அவர் படித்த பிறகு, அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாங்கி வாசிக்க வேண்டும். அதன் பிறகுதான் அந்தப் பெயர் ஏற்கப்படும்.

ஒவ்வொரு படியும் ஒரு திருட்டு வழியை அடைக்கிறது. உயர்த்திப் பிடித்த குடம், அறியாச் சிறுவன், இரண்டாவது குடத்துக் குலுக்கல், விரித்த விரல்கள், பல பேர் வாசிப்பு. விரலிடுக்கில் ஓலையை மறைத்துக் கொண்டுவந்து மாற்றிய யாரோ ஒருவரைப் பிடித்த பிறகுதான் ‘ஐந்து விரலையும் விரித்து’ என்று கல்லில் எழுதும் அளவுக்குப் போயிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். 919இல் போட்ட விதிகளை இரண்டே ஆண்டில் 921இல் திருத்தி எழுதியதும் அந்த எண்ணத்தை வலுப்படுத்துகிறது.

குலுக்குவதை இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் கதை ஒன்று இருக்கிறது. வியத்நாம் போருக்கு இளைஞர்களை அழைக்க 1969 டிசம்பர் 1 அன்று ஒரு குலுக்கல் நடத்தினார்கள். ஆண்டின் 366 பிறந்த தேதிகளையும் 366 குப்பிகளில் அடைத்து, ஒரு கண்ணாடிச் சாடியில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வரும் தேதிக்காரர்கள் முதலில் போருக்குப் போக வேண்டும். குப்பிகளை மாத வரிசையில் நிரப்பியதால், சரியாகக் கலக்காமல் விட்டதால், ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களின் தேதிகள் அளவுக்கு மீறி முன்னால் வந்தன. டிசம்பரில் பிறந்த பையன்கள் கூடுதல் பேர் அழைப்புக்கு ஆளானார்கள். புள்ளியியலாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு, அடுத்த ஆண்டு இரண்டு உருளைகள் வைத்து, தேதிக்கு ஒன்று எண்ணுக்கு ஒன்று என்று எடுத்தார்கள். உத்திரமேரூர்ச் சபையிலும் இரண்டு குடம்.

இந்தச் சபையை வானளாவப் புகழ எனக்கு மனமில்லை. அது பிராமணர்களுக்குக் கொடையாக அளித்த பிரம்மதேய ஊர். 921ஆம் ஆண்டு விதிப்படி குடத்துக்குள் பெயர் போக, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். நிலத்தை உழுதவர்களும் பெண்களும் குடத்துக்கு வெளியேதான் நின்றார்கள். சமவாய்ப்பு என்பது குடத்துக்குள் போனவர்களுக்கு மட்டுமே சமம். யாரை உள்ளே விடுவது என்ற கேள்விக்கு எந்தக் குலுக்கலும் பதில் சொல்லாது. ஆனாலும் உள்ளே போனவர்களிடையே பணக்காரன், செல்வாக்குக்காரன் என்ற வேறுபாட்டை அழிக்க அவர்கள் கண்ட கருவி நேர்மையானது.

இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் வரக்கூடாது. முதல் விதியைக் கணக்காக்கிப் பார்ப்போம். ஒரு குடும்பில் தகுதி உள்ளவர்கள் 10 பேர் என்று வைத்துக்கொள்வோம். கடந்த மூன்று ஆண்டுகளில் பணியாற்றிய மூவர் விலகி நிற்பார்கள். குடத்தில் 7 ஓலை. ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் குலுக்கலில் ஒருவர் பெயர் வர வாய்ப்பு 7இல் 1. 7இல் 1 வாய்ப்புள்ள ஒன்று நடக்கச் சராசரியாக 7 முறை காத்திருக்க வேண்டும். விலகி நிற்கும் 3 ஆண்டையும் சேர்த்தால் பத்து ஆண்டுக்கு ஒரு முறை. தகுதி உள்ள வயதுக் காலம் 35 ஆண்டு. ஆக ஒருவர் தன் வாழ்நாளில் சராசரியாக மூன்றரை முறை வாரியத்தில் உட்காரலாம். மூன்று ஆண்டுத் தடை இல்லாவிட்டாலும் இந்தச் சராசரி மாறாது. ஆண்டுக்கு 10இல் 1, 35 ஆண்டில் மூன்றரை. அப்படியானால் அந்தத் தடை எதற்கு? ஒருவரே அடுத்தடுத்து வந்து உட்கார்ந்துவிடும் தற்செயலை அது துடைத்துவிடுகிறது. சராசரி அப்படியே இருக்கிறது, ஏற்ற இறக்கம் குறைகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் எதிர்பார்ப்பு மதிப்பையும் மாறுபாட்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படிக் குடும்புக்கு ஒருவராக வந்த 30 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். சம்வத்சர வாரியம் என்ற ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். ஆண்டு வாரியத்துக்கு அனுபவமும் வயதும் பார்த்தார்கள் என்பதால் அந்தப் பிரிப்பு குலுக்கல் அல்ல. ஆனால் எத்தனை வகையில் பிரிக்கலாம் என்று எண்ணலாம். 30 பேரில் 12 பேரை 8,64,93,225 வகையில் எடுக்கலாம். மீதி 18 பேரில் 12 பேரை 18,564 வகையில். எஞ்சிய ஆறு பேர் ஏரிக்கு. இரண்டையும் பெருக்கினால் 1,60,566 கோடிக்கும் மேல். முப்பதே பேர்தான்! மனிதர்களைக் கூட்டிக் கலைத்து அடுக்குவதில் இவ்வளவு பெரிய எண் ஒளிந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. ஏரிக்கு என்று ஆறு பேரைத் தனியே ஒதுக்கியதும் மனதைத் தொடும் செய்தி. 2019 கோடையில் சிட்லபாக்கம் ஏரியில் ஊர்க்காரர்களே மண்வெட்டியோடு இறங்கியதைப் பார்த்தவர்களுக்கு அந்த வாரியத்தின் அருமை தெரியும்.

குடத்தில் ஓலை போடும் வழக்கம் சோழர் காலத்துக்கும் வெகு முந்தியது. அகநானூற்றின் 77ஆம் பாட்டில் மருதன் இளநாகனார், போர்க்களத்தில் பறவை குடலைப் பிடுங்கும் காட்சியை, கயிறு கட்டிய குடத்தின் முத்திரையை நீக்கி ஓலை எடுப்பவர்களோடு ஒப்பிட்டுவிட்டுப் போகிறார். உவமையாக வரும் அளவுக்கு அது எல்லோருக்கும் பழகிய காட்சி.

இனி எண்ணுதல். அது யாப்பில் பிறந்தது. தமிழ் வகுப்பில் சீர் பிரித்த எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும், தெரியும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. நேர், நிரை என்று அசை இரண்டு. இரண்டு அசை சேர்ந்தால் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்று 4 சீர். மூன்று அசை சேர்ந்தால் காய் நான்கு, கனி நான்கு, ஆக 8. நான்கு அசைக்கு 16. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு வழி. இடம் ஒன்று கூடினால் எண்ணிக்கை இரட்டிக்கும். மூவசைச் சீர் எட்டையும் நேரசை எத்தனை என்று பார்த்துப் பிரியுங்கள். மூன்றும் நேர் என்றால் தேமாங்காய் ஒன்றுதான். இரண்டு நேர் உள்ளவை புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி என மூன்று. ஒரு நேர் உள்ளவை கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி என மூன்று. நேரே இல்லாதது கருவிளங்கனி ஒன்று. 1, 3, 3, 1. பாஸ்கல் முக்கோணம் என்று பதினோராம் வகுப்பில் போடும் அடுக்கின் ஒரு வரிசை இது. வடமொழியில் பிங்கலரின் சந்த சாத்திரம் குறு, நெடு அசைகளைக் கொண்டு இதே வேலையைச் செய்தது. 10ஆம் நூற்றாண்டில் அதற்கு உரை எழுதிய ஹலாயுதர் அந்த முக்கோணத்தையே மேரு என்ற பெயரில் அடுக்கிக் காட்டினார். தொல்காப்பியச் செய்யுளியலோ தொடை வகைகளைப் பதின்மூவாயிரத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறது. கடைசி இலக்கங்களில் உரையாசிரியர்கள் வேறுபடுவார்கள். ஆனால் ஒருவர் உட்கார்ந்து அவ்வளவையும் எண்ண முனைந்தார் என்பது பெரிய விஷயம்.

யாப்பிலிருந்து அது வாசனைக்கும் கோயிலுக்கும் போனது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில், 16 வாசனைப் பொருள்களில் நான்கு நான்காக எடுத்தால் 1,820 கலவை கிடைக்கும் என்கிறார். 16 × 15 × 14 × 13 என்றால் 43,680. நான்கு பொருளை 24 வரிசையில் எடுத்தாலும் கலவை ஒன்றே என்பதால் 24ஆல் வகுத்தால் 1,820. வாசனைக்கு வரிசை கிடையாது என்பதை அவர் அறிந்திருந்தார். வரிசை முக்கியமான இடத்தைக் காட்டுபவர் 1150இல் லீலாவதி எழுதிய பாஸ்கரர். திருமாலின் நான்கு கைகளில் சங்கு, சக்கரம், கதை, தாமரை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்தால் எத்தனை உருவம் என்று கேட்கிறார். 24. கேசவன், நாராயணன், மாதவன் என்று தொடங்கும் இருபத்து நான்கு திருவுருவங்களைச் சிற்பிகள் வேறுபடுத்துவதும் இந்த நான்கின் இடமாற்றத்தால்தான். பத்துக் கையும் பத்துப் பொருளும் கொண்ட சிவனுக்கு அதே கணக்கில் 36,28,800 உருவம்.

வரிசை மாற்றமா, சேர்மானமா என்று தடுமாறும் பிள்ளைகளுக்கு நான் சிட்லபாக்கத்தில் பஞ்சமே இல்லாத ஒன்றைச் சொல்வேன்: குடியிருப்போர் நலச் சங்கம். பத்துப் பேரில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூவரைப் போட 720 வழி. ஏரி வேலைக்கு மூவர் குழு என்று மட்டும் போட 120 வழி. யார் எந்த நாற்காலி என்பது முக்கியமா இல்லையா என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆக, குடம் இருந்தது, எண்ணவும் தெரிந்திருந்தது. இரண்டும் அருகருகே வந்த இடம் ஒன்று கதையில் இருக்கிறது. புகழேந்தி நளவெண்பாவாகப் பாடிய நளன் கதைதான். சூதில் நாட்டை இழந்த நளன் உருமாறி, இருதுபன்னனுக்குத் தேரோட்டியாகப் போகிறான். வழியில் நிற்கும் தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அந்த அரசன் அதில் இருப்பவற்றின் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறான். நளன் எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. அதே அறிவுதான் சூதின் நுட்பமும் என்று சொல்லி, குதிரை ஓட்டும் வித்தைக்கு ஈடாக அதை நளனுக்குக் கற்றுக் கொடுக்கிறான். தான்றிக்காயே பழங்காலத்தில் சூதாடும் காயாக இருந்தது. எண்ணுபவனுக்கே சூது வசப்படும் என்று சொன்ன அந்தக் கதைசொல்லி வாசல் வரை வந்துவிட்டார். ஆனால் அந்த நுட்பம் என்ன கணக்கு என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

ஏன்? என் எண்ணத்தில், குடவோலையில் வேலை முழுமையாக முடிந்துவிடுகிறது. ஓலை எடுத்தாயிற்று, பெயர் வாசித்தாயிற்று, வாரியம் அமைந்தாயிற்று. இன்னும் நடக்காத ஒன்றுக்கு இன்றே விலை போட வேண்டிய அவசியம் அங்கே எழவில்லை. அந்த அவசியம் எழுந்த இடத்தில்தான் கணக்கு பிறந்தது: பாதியில் நின்றுபோன ஓர் ஆட்டம்.

இருவர் ஆளுக்கு 32 பொற்காசு வைத்து ஆடுகிறார்கள். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கு 64ம். இருவரும் சமவலிமை. ஒருவர் 2, மற்றவர் 1 என்று இருக்கும்போது ஆட்டம் நின்றுவிடுகிறது. காசை எப்படிப் பிரிப்பது? இத்தாலியின் லூக்கா பாச்சோலி 1494இல் அச்சான தன் நூலில் இப்படிப்பட்ட கேள்வியை எடுத்துக்கொண்டு, வென்ற ஆட்டங்களின் விகிதத்தில் பிரித்தார். அது தவறு என்று பலருக்குப் பட்டது. சரி எது என்று நூறு ஆண்டுக்கு மேல் பிடிபடவில்லை. 1654இல் ஷெவாலியே தெ மேரே என்ற சூதாட்டப் பிரியர் இதைப் பாரிஸில் பிளேஸ் பாஸ்கலிடம் கொண்டுபோனார். பாஸ்கல் துலூஸில் இருந்த பியேர் தெ ஃபெர்மாவுக்கு எழுதினார். அந்தக் கோடையில் கடிதங்கள் போய் வந்தன.

ஃபெர்மாவின் வழி அழகானது. நின்ற ஆட்டத்தில் இதுவரை என்ன நடந்தது என்று அவர் பார்க்கவில்லை, இனி என்னென்ன நடக்கலாம் என்று பார்த்தார். அதிகம் போனால் இன்னும் இரண்டு ஆட்டத்தில் முடிந்துவிடும். இரண்டு ஆட்டத்துக்கு நான்கு முடிவுகள், எல்லாம் சமவாய்ப்பு. நான்கில் மூன்றில் முதலாமவர் வெல்கிறார். இரண்டையும் தோற்றால் மட்டுமே மற்றவர் வெல்கிறார். ஆகவே 64இல் முக்கால் பங்கு 48 ஒருவருக்கு, 16 மற்றவருக்கு. பாஸ்கல் வேறு வழியில் அதே விடைக்கு வந்தார். ஈரசைச் சீரின் நான்கு வகையும் உத்திரமேரூர்க் குடத்தின் சமவாய்ப்பும் ஒரே வரியில் வந்து நின்றது அங்கேதான்.

மூன்றே ஆண்டில், 1657இல், நெதர்லாந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் இதைச் சிறு நூலாக்கினார். எதிர்பார்ப்பு மதிப்பு முறையாகப் பிறந்தது அதில்தான்: ஒவ்வொரு முடிவின் தொகையையும் அதன் வாய்ப்பால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால், அந்த ஆட்டத்துக்குக் கொடுக்கத் தகும் நியாயமான விலை. காப்பீடு, ஓய்வூதியம் என்று இன்று நாம் நம்பி வாழும் பலவும் அந்த ஒரு கூட்டலின் மேல் நிற்கின்றன. சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்த எஸ். ஆர். சீனிவாச வரதன், நிகழ்தகவுக் கோட்பாட்டுக்காகவே 2007இல் ஏபெல் பரிசு பெற்றார் என்பதையும் இங்கே பெருமையோடு சேர்த்துக்கொள்கிறேன்.

அந்தக் கூட்டல் தெரியாததற்குத் தமிழ்நாடு கொடுத்த விலை பெரிது. அரசு பரிசுச் சீட்டு 1968இல் அண்ணா ஆட்சியில் தொடங்கியது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற முழக்கம் பெரியவர்கள் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். முழக்கத்தில் இரண்டு முடிவும் இருக்கின்றன, எத்தனையில் எத்தனை என்பது இல்லை. ஒரு ரூபாய்ச் சீட்டு லட்சம் விற்கிறது, மொத்தப் பரிசு 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பரிசு எவ்வளவு, ஆறுதல் பரிசு எத்தனை என்று எதையும் பார்க்க வேண்டாம். ஒரு சீட்டின் எதிர்பார்ப்பு மதிப்பு 50 காசு. வாங்கிய கையோடு பாதி போய்விட்டது. பத்துச் சீட்டு வாங்கினால் வாய்ப்பு பத்து மடங்காகும், எதிர்பார்க்கத் தகும் இழப்பும் பத்து மடங்காகும். பிற்காலத்தில் வந்த ஒற்றை இலக்கச் சீட்டுகளில் கூலிக்காரக் குடும்பங்கள் அழிந்த பிறகு, 2003 ஜனவரியில் தமிழக அரசு எல்லாப் பரிசுச் சீட்டையும் தடை செய்தது. நல்ல முடிவு என்றே நான் சொல்வேன். இன்று அதே ஆசை கைபேசிக்குள் வேறு பெயர்களில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இந்தக் கணக்கு தேர்வுக்கு மட்டும் உரியதல்ல.

ஆனால் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் கையில் நாம் கொடுப்பது என்ன? 52 சீட்டுக் கட்டு. ஸ்பேடு, டைமண்ட், முகச் சீட்டு பன்னிரண்டு. சீட்டுக்கட்டைத் தொட்டாலே அடி விழும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் அதில் எத்தனை ராணி என்பதை மனப்பாடம் செய்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் பலரும் இந்த இடத்தில்தான் நிகழ்தகவை விட்டுவிட்டுப் போகிறார்கள். கணக்கு கடினம் என்பதால் அல்ல, பொருள் அந்நியம் என்பதால். அவர்கள் வீட்டுப் பரணில் தாயக்கட்டை இருக்கிறது.

பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்: வெறுமை, 1, 2, 3. இரண்டையும் உருட்டினால் 4 × 4, மொத்தம் 16 முடிவுகள், எல்லாம் சமவாய்ப்பு. தாயம் விழ ஒன்றில் 1ம் மற்றதில் வெறுமையும் வர வேண்டும். அது இரண்டு வழி. ஆக 16இல் 2. இரண்டு விழ மூன்று வழி, மூன்றுக்கு நான்கு, நான்குக்கு மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று. இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு, அதற்கும் ஒரே வழி. கூட்டிப் பாருங்கள், 16 வரும். தாயம் போட்டுக் காய் இறக்கச் சராசரியாக 8 முறை உருட்ட வேண்டும் என்பது இதிலிருந்து நேரே வருகிறது. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு? ஒவ்வொரு முறையும் 8இல் 7, எட்டு முறை பெருக்கினால் நூற்றுக்கு 34. மூன்று பேரில் ஒருவருக்கு நடக்கும் சாதாரண விஷயம், சாபம் எதுவும் இல்லை.

ஓர் உருட்டலின் எதிர்பார்ப்பு மதிப்பைப் போடுவோம். 1ஐ 2ஆல், 2ஐ 3ஆல், 3ஐ 4ஆல், 4ஐ 3ஆல், 5ஐ 2ஆல் பெருக்கி, ஒரே வழி உள்ள 6ஐயும் 12ஐயும் சேர்த்துக் கூட்டினால் 60. அதை 16ஆல் வகுத்தால் 3.75. இத்தோடு முடியவில்லை. 1, 5, 6, 12 விழுந்தால் மறு ஆட்டம் உண்டு. பெரும்பாலான வீடுகளில் விதி அதுதான். அந்த நான்கும் விழ 16இல் 6 வழி, அதாவது 8இல் 3. ஒரு முறை கட்டை கைக்கு வந்தால் மொத்தம் எத்தனை எதிர்பார்க்கலாம்? அதை ம என்று கொள்ளுங்கள். முதல் உருட்டலில் 3.75, 8இல் 3 பங்கு வாய்ப்பில் ஆட்டம் புதிதாகத் தொடங்குகிறது. ம = 3.75 + (3/8) ம. தீர்த்தால் ம = 6. சரியாக ஆறு, பின்னமே இல்லாமல். இந்த விடையை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அடைய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தாயக்கட்டை பாத்திரக் கடையில் கிடைக்கும். வாங்கிக் கொடுத்து, 160 முறை உருட்டி, விழுந்ததையெல்லாம் ஒரு தாளில் கோடு போட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். மூன்று ஏறக்குறைய 40 தடவையும், தாயம் 20 தடவையும், பன்னிரண்டு 10 தடவையும் வர வேண்டும். ஐந்தாறு கூடக் குறைய இருந்தால் கவலைப்பட வேண்டாம். பன்னிரண்டு முப்பது தடவை வந்தால், கட்டையின் ஓரம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள்.